உனக்குத் தெரியுமா: திருகோணமலை தந்த இசைத்தட்டு

ஈழத்துத் தமிழ்ப் பாடல்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். ஆயினும், இலங்கைத் தமிழரின் மெல்லிசை இசைத்தட்டில் ஏறிய கதையைச் சொல்ல விரும்புவோர் கிழக்கே, திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்தேயாக வேண்டும். பரமேஷ், கோணேஷ் என்ற திருகோணமலைச் சகோதரர்களின் 'உனக்குத் தெரியுமா' என்னும் பாடலே ஈழத்து மெல்லிசையின் முதல் இசைத்தட்டு என்பது இசை அன்பர்கள் பலரின் கருத்து. காலம், 1970ஐ ஒட்டிய ஆண்டுகள்.

மேலைநாட்டு றொக் இசையில் 'சுயாதீன இசை' என்று ஒரு பிரிவு உண்டு. பெருநிறுவனங்களின் தயவின்றி, கடன் வாங்கியேனும் தாமே தட்டை வெளியிடுவோரின் இசை அது. மான்செஸ்ரர் நகரத்து பஸ்கொக்ஸ் குழுவினர் 1977 ஜனவரியில் நான்கு பாடல்களுடன் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' அதன் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. எமது சூழலில் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் கொள்ள வேண்டும். தமிழருக்குப் பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்றிருந்த காலம் அது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கடல் கடந்தும் புகழ் பெற்றது தென்னிந்தியத் திரைப்பாடல்களாலேயே. கதாநாயகன் இல்லை, காட்சி இல்லை, படம் பார்த்த நினைவின் துணையும் இல்லை. அவ்வாறு ஒரு தமிழ்ப் பாட்டு தன் காலில் நிற்பதே அன்று சுயாதீனம்.

அத்தகைய முயற்சி திருகோணமலையில் முளைத்ததில் வியப்பில்லை. 1957 ஒக்டோபரில் கையளிக்கப்படும்வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த ஊர் இது. அத்தளத்தின் டொக்யாட்டில் பல இனத்தவரும் வேலை செய்தனர். துறைமுக நகரத்தில் பிறநாட்டு இசை விருந்தாளியாக வருவதில்லை, அயலவனாகவே குடியிருக்கும். மறுபுறத்தில், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயம் மீண்டும் எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டிருந்தது. கோணேஷ் என்ற பெயரிலேயே அந்த மலைக்கோயில் இருக்கிறது. கிற்றாரும் தேவாரமும் ஒரே தெருவில் கேட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு, தமிழை மேலைத்தேய வாத்தியத்தோடு சேர்ப்பது புரட்சியாகத் தோன்றியிராது என்றே நான் கருதுகிறேன்.

அது தனி முயற்சியும் அன்று. அதே காலப்பகுதியில் சிங்களத்தில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவினரும் மின்கிற்றாரைக் கொண்டு புதிய அலையொன்றை எழுப்பினர். தமிழில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' போன்ற பாடல்களால் பேச்சுத் தமிழை மேடையேற்றினார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தமிழகத்தையும் ஆட்டுவித்தது. வானொலிக் கலையகத்தில் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் ஈழத்து மெல்லிசைக்குத் தனி முகம் தேடிக்கொண்டிருந்தனர். நித்தியும் மனோகரனும் துள்ளலாலும் நகைச்சுவையாலும் மக்களைப் பிடித்தனர். திருகோணமலைச் சகோதரர்களின் பாட்டோ மென்மையான காதற்பாட்டு. கேலியும் கூத்தும் இன்றி, ஈழத்து இளைஞன் ஒருவன் தன் குரலிலேயே காதலைச் சொல்லலாம் என்று அது காட்டிற்று.

அப்பாட்டின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? என் விடை, அதன் பட்டை தீட்டாத தன்மையில் என்பதே. சென்னைக் கலையகங்களின் பெரும் வாத்தியக் குழுவுக்குப் பழகிய செவிக்கு இது மெலிந்த இசையாகப் படலாம். அந்த மெலிவினாலேயே குரல் முன்னுக்கு வருகிறது. பாடுபவர் அடுத்த வீட்டுத் திண்ணையில் இருப்பவர் போல நெருங்கிவிடுகிறார். பீற்றில்ஸ் குழுவினர் 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தனர். தடிமனால் கரகரத்த ஜோன் லெனனின் குரல் இன்றும் அத்தட்டில் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தியிருந்தால் அதன் உயிர் போயிருக்கும் என்று விமர்சகர்கள் மெச்சுகின்றனர். அதே நியாயத்தை எம்மவர் பாட்டுக்கும் வழங்கத் தயங்குவானேன்?

நான் இப்பாட்டைக் கேட்டது இசைத்தட்டில் அன்று. எண்பதுகளில், மின்சாரம் அறுந்த இரவுகளில், பற்றறியில் ஓடிய கசெற்றில்தான் கேட்டேன். தட்டிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து மறுபிரதி. ஊசியின் கீறல் ஒலியும் பாட்டோடு சேர்ந்தே பதிவாகியிருந்தது. பின்னர் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, ஒரு கட்டுரைக்காக மூல இசைத்தட்டைத் தேடினேன். பழைய ஒலிப்பதிவுகளை வைத்திருந்த நிறுவனமொன்றில் திரைப்பாடல்களுக்குப் பட்டியல் இருந்தது. உள்ளூர் மெல்லிசைக்கு இல்லை. யாரும் வேண்டுமென்று செய்த தவறென்று நான் சொல்லவில்லை. திரைப்பாடலுக்குத் தயாரிப்பாளர் உண்டு, உரிமையாளர் உண்டு, படத்தின் பெயரால் ஒரு முகவரியும் உண்டு. சுயாதீனமாகப் பிறந்த பாட்டுக்கு அம்முகவரி இல்லை. எது அதற்குப் புதுமையைத் தந்ததோ அதுவே அதனை அநாதையாகவும் ஆக்கிற்று.

வீடுகளில் இருந்தவையேனும் தப்பினவா? இந்த ஊரின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர் அதைக் கேட்கமாட்டார். 1983 யூலையில் தீ. 1990இல் இடப்பெயர்வு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை. 2006 ஏப்ரல் 12இல் சந்தைக் குண்டுவெடிப்பும் அதைத் தொடர்ந்த வன்செயலும். ஓடுகிறவர் கையில் பிள்ளையும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும். சூடுபட்டால் வளையும் ஏழு அங்குலத் தட்டு இராது. பரமேஷ் பின்னாளில் ஜெர்மனியில் குடியேறினார். பாட்டும் புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளிலும் நினைவிலும் பயணம் செய்து, அவர்களது வானொலிகள் வழியாகவும் இணையத்தின் வழியாகவுமே எமக்குத் திரும்பி வந்தது.

பாட்டு இன்று கேட்கக் கிடைக்கிறது என்பதால் வரலாறு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எண்ணலாகாது. கிற்றார் வாசித்தவர் யார், தாளம் போட்டவர் யார், எந்தக் கலையகத்தில் எத்தனை மணி நேரம் பதிந்தார்கள் என்பன இணையத்துப் பிரதியில் வருவதில்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. திருகோணமலையிலோ ரொறன்ரோவிலோ உங்கள் வீட்டுப் பரணில் அக்காலத்துத் தட்டு ஏதும் இருந்தால், பாட்டை மட்டும் பிரதியெடுத்துவிட்டு எறிந்துவிடாதீர்கள். உறையையும் நடுவிலுள்ள வட்டத்தாளையும் படம் பிடியுங்கள். அதை வாங்கிய பெரியவர் உயிரோடிருந்தால், அருகில் அமர்ந்து அவர் சொல்வதை இந்த வாரமே எழுதிக்கொள்ளுங்கள்.