டேப் முதல் திரை வரை: மும்பையில் கார் ஒலிக்கருவித் திருட்டும் அதைத் தடுத்த வழிகளும்

மும்பையில் கார் ஸ்டீரியோ திருட்டு ஒரு தலைமுறைக் காலம் விடியற்காலைச் செய்தியாக இருந்தது. தெருவில் நிறுத்திய வண்டிகளைக் கழுவ மாதச் சம்பளத்துக்கு வருபவர்தான் அதை முதலில் பார்ப்பார். இருக்கையில் கண்ணாடித் தூள் சிதறிக் கிடக்கும். டேஷ்போர்டில் ஒரு செவ்வகப் பள்ளமும் அதிலிருந்து தொங்கும் வண்ணக் கம்பிகளும் இருக்கும். அவர் மாடியேறி மணியடித்துச் சொன்ன பிறகுதான் சொந்தக்காரருக்கே தெரியவரும். இன்றைக்கு அந்தச் செய்தியின் இடத்தை எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சைலன்சரும் பிடித்துவிட்டன. ஸ்டீரியோ திருட்டு எதனால் தளர்ந்தது என்று கேட்டால் பூட்டு, அலாரம், கேமரா என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கை எட்டாமல் தடுத்த காப்புகள் திருட்டை ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்குத் தள்ளின. கழற்றிய பொருளை விலைபோகாமல் செய்த காப்புகளே அதைக் குறைத்தன. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளை வைத்து இதை நிறுவலாம்.

கார் ரேடியோவின் தொடக்க காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வினின் நிறுவனம் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1932-இல் ஜெர்மனியில் பிளாபுங்க்ட் நிறுவனத்தின் ஆட்டோசூப்பர் வந்தது. இரண்டும் வால்வுகளால் ஆன கனத்த பெட்டிகள். ஒரு வண்டிக்குப் பொருத்தியதை இன்னொரு வண்டிக்கு மாற்றுவது தனி வேலை. பம்பாயில் வானொலி நிலையம் 1927 ஜூலை 23-இல் தொடங்கியது. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டியிருந்தது. அந்த உரிமமுறை 1980-களின் நடுவில்தான் நீங்கியது. அரசு அதைத் திருட்டைத் தடுக்கக் கொண்டுவரவில்லை, கட்டணத்துக்காகக் கொண்டுவந்தது. ஆனால் கைமாறும் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற நிலையை அது உண்டாக்கிவைத்திருந்தது. டிரான்சிஸ்டர் பெட்டியைச் சுருக்கியது. 1963-இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட், விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் வண்டிக்குள் கொண்டுவந்தது. சிறியதாகவும் விலையுயர்ந்ததாகவும் எல்லாரும் ஆசைப்படும் பொருளாகவும் கார் ஒலிக்கருவி மாறியதும் திருட்டு தொடங்கிவிட்டது.

மாட்டுங்காவின் அமைப்பு இதற்கு வசதியாக இருந்தது. 1896-இல் பரவிய பிளேக்குக்குப் பின் 1898-இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த தாதர்-மாட்டுங்கா திட்டம் அகலமான தெருக்களையும் நிழல் மரங்களையும் தந்தது. 1920, 30-களில் அங்கு எழுந்த மூன்று, நான்கு மாடிக் கட்டடங்களில் தென்னிந்தியக் குடும்பங்கள் குடியேறின. வீட்டுக்கொரு கார் வரும் என்று அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் எண்ணியிருக்க முடியாது. அதனால் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிய தெருக்களில் கார்கள் இரவு முழுவதும் மரத்தடியில் நின்றன, இன்றும் நிற்கின்றன. நின்றவற்றில் பெரும்பாலானவை பிரீமியர் பத்மினி. தாராவிக்கும் செம்பூருக்கும் பக்கத்தில் உள்ள குர்லாவில்தான் அந்த வண்டியின் ஆலை இருந்தது. பத்மினியின் முன்கதவில் காற்றுக்காக ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. கோடையில் அது வரம், இரவில் அதுவே பலவீனம். பெரிய கண்ணாடியைத் தொடாமலேயே கதவின் உட்பிடியை எட்டிவிடலாம் என்பது அன்று ஊரறிந்த விஷயம்.

பொருளின் அருமை இதைவிடப் பெரிய காரணம். 1991-க்கு முன் வெளிநாட்டு நுகர்பொருள் இறக்குமதி ஏறக்குறைய மூடப்பட்டிருந்தது. ஜப்பானிய டேப்புகள் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளிலும் கடத்தல் சரக்கிலும்தான் வந்தன. சென்னைக்குப் பர்மா பஜார் எப்படியோ, மும்பைக்கு அப்படியே கிராஃபோர்டு மார்க்கெட்டை ஒட்டிய கடைகள். அங்கு வாங்கிய செட்டுக்கு ரசீது கிடையாது. ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்காத இடம் இது என்பேன். ரசீது இல்லாத செட் திருடுபோனால், அதன் எண்ணைச் சொல்லிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கச் சொந்தக்காரர் தயங்குவார். எங்கே வாங்கினீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆக, வாங்கியவரும் ரசீதின்றி வாங்கினார், திருடியவரிடமிருந்து வாங்கப் போகிறவரும் ரசீதின்றித்தான் வாங்குவார். இரண்டு செட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியே இல்லை. சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய பொருளை விரித்து வைத்திருந்த கடைக்காரரால் எது எந்த வழியில் வந்தது என்று சொல்ல முடியாமல் போனதற்கு இறக்குமதிக் கொள்கையும் பொறுப்பு.

சட்டம் இந்த இடைவெளியை வேறு வழியில் நிரப்ப முயன்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு திருடியவரையும், 411-ஆம் பிரிவு திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்கியவரையும் தண்டித்தன. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை. இவற்றோடு 1951-ஆம் ஆண்டு பம்பாய் காவல் சட்டத்தின் 124-ஆம் பிரிவு தனித்து நின்றது. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணமுள்ள ஒன்று ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் திருப்தியாக விளக்க முடியாவிட்டால் அதுவே குற்றம். பொருளின் உண்மையான சொந்தக்காரர் யாரென்று தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. ரசீதில்லாத சந்தையில் இப்படியொரு பிரிவு யார்மேல் பாயும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. கிராஃபோர்டு மார்க்கெட்டில் செட் வாங்கிய மாட்டுங்காக்காரரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அதே செட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போகும் தாராவி இளைஞர் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

திருடுபோனதெல்லாம் தாராவிக்குத்தான் போகிறது என்ற பேச்சை மும்பைத் தமிழர்களே இன்றும் சொல்லக் கேட்கிறோம். பொருளாதாரக் கணக்கு அதை ஏற்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்கள் தொடங்கிப் பல தலைமுறை உழைப்பில் உருவான ஊர் அது. அங்கு பதின்மூன்றாம் காம்பவுண்டில் நடப்பது பங்கார் வேலை. அதாவது கழிவைப் பிரித்து எடைக்கு விற்பது. பிளாஸ்டிக் உறையை உடைத்து நிறவாரியாகக் குவிப்பார்கள். செம்புக் கம்பியை உருவி எடுப்பார்கள். சர்க்யூட் பலகையைத் தனிக் கோணியில் கட்டுவார்கள். எடைக்குப் போட்டால் ஒரு ஸ்டீரியோவில் தேறுவது சில்லறை. ஓடுகிற செட்டைத் திருடியவன் அதைக் கோணியில் போடுவதற்காகத் திருடவில்லை. அது போகும் இடம் ஓடுகிற செட்டை ஓடுகிற விலைக்கு வாங்கும் கடை, அதாவது கார் உதிரிபாகச் சந்தை. அந்தச் சந்தைக்கு வாடிக்கையாளர்களாக இருந்தவர்கள் கார் வைத்திருந்தவர்கள். தாராவியில் கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்?

இனி காப்புகளுக்கு வருவோம். ஜெர்மானிய அளவொன்றை அடிப்படையாகக் கொண்டு ஐ.எஸ்.ஓ. 7736 என்ற பன்னாட்டுத் தரம் 1984-இல் வெளிவந்தது. டேஷ்போர்டுத் துளை 182 மில்லிமீட்டர் அகலம், 53 மில்லிமீட்டர் உயரம். வாங்குவோருக்கு இது பெரிய வசதி. மாருதி 800-இல் கழற்றியது பின்னாளில் சான்ட்ரோவிலும் பொருந்தும். ஆனால் திருட்டுச் சந்தைக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை. எந்த வண்டியிலும் பொருந்துவது எந்த வண்டிக்காரருக்கும் விற்கும்.

முதல் பதில், செட்டையே கைப்பிடியோடு உருவி எடுத்துப் போகும் ஏற்பாடு. ஒன்றரைக் கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் நுழைய யாருக்கும் பிடிக்கவில்லை. சோம்பல்பட்டு இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள், அங்கிருந்தும் போகும். 1990-களில் பேனல் மட்டும் கழலும் செட்டுகள் பரவின. தாராளமயத்துக்குப் பின் சோனி, பயோனியர், கென்வுட் எல்லாம் கடைக்கே வந்தன, ரசீதும் வந்தது. பேனலின் ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு முனை முன்னால் வரும், இலேசாகச் சாய்த்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பின்புறத்தில் பொன்நிற இணைப்பு முனைகள் வரிசையாக இருக்கும். கூடவே தரும் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மும்பை மழைக்காலத்தில் அந்த முனைகளில் ஈரம் ஏறும். மெல்லிய துணியால் துடைத்து மாட்டினால்தான் திரை எரியும். வண்டியில் மிச்சமிருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கொன்று மினுக்கிக்கொண்டிருக்கும். பேனல் இல்லாத பெட்டி விற்காது என்பதை அந்த விளக்கு திருடனுக்குச் சொல்லிற்று. கண்ணாடியை வலுப்படுத்தாமல், கதவுக்குப் புதுப் பூட்டுப் போடாமல், பொருளின் விலையை வெளியிலிருந்தே தெரியும்படி அறுத்த முதல் காப்பு இது. இதன் அருமையை நாம் சரியாக மதிப்பிடவில்லை என்று நினைக்கிறேன்.

ரகசிய எண் முறை அதே வழியில் இன்னும் ஒரு படி போயிற்று. மின்கலத் தொடர்பு அறுந்து மீண்டும் இணைந்தால் ஃபோக்ஸ்வாகன் வகைச் செட்டுகளின் திரையில் ‘சேஃப்’ என்று வரும். நான்கு இலக்க எண்ணைத் தராமல் பாடாது. இரண்டு முறை தவறினால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எண் எழுதிய அட்டையைத் தொலைத்துவிட்டு, மின்கலம் மாற்றிய அன்றே ஊமையாகிப் போன செட்டோடு ஓடிய வண்டிகள் ஏராளம். அந்தத் தொல்லையைச் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டதுதான் இந்த முறைக்குக் கொடுத்த விலை.

செம்பூர் வேறு வழியில் போயிற்று. அங்கே கேட்டும் காவலாளியும் உள்ள கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களும், தரைத்தளத்தில் தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் கட்டடங்களும் பெருகின. காவலாளி இருந்த வளாகத்தில் திருட்டு குறைந்திருக்கலாம். ஆனால் காவலாளி இல்லாத தெருவில் நின்ற டாக்ஸிக்கு அவரால் என்ன பயன்? நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் இது காப்பாகாது, வாங்க முடிந்தவர் வாங்கிய பாதுகாப்பு.

காப்பீடும் தன் பங்குக்கு ஒரு கதவைத் திறந்தது. 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில் ஐ.எம்.டி. 24 என்ற இணைப்பு உண்டு. தயாரிப்பாளரின் விலையில் சேராத மின்னணுக் கருவிகளுக்கு, அவற்றின் மதிப்பில் 4 விழுக்காடு கூடுதலாகக் கட்டினால் ஈடு கிடைக்கும். அதற்கு ரசீது வேண்டும், எண் வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருளைக் காவல் நிலையத்தில் காலவரையின்றிக் கிடத்தாமல் படமெடுத்து, பட்டியலிட்டு விரைவில் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. மும்பைக் காவல் நிலையங்களில் ‘முத்தேமால்’ என்று சொல்லப்படும் அந்தக் குவியலிலிருந்து தன் செட்டைச் சுட்டிக்காட்டி எடுக்க, பின்பக்கத்து எண்ணைக் குறித்து வைத்தவருக்கு மட்டுமே முடியும்.

மறைத்து வைக்கும் வழியொன்றும் இருந்தது, கறுப்புக் கண்ணாடித்தாள். உள்ளே இருப்பது தெரியாவிட்டால் ஆசை வராது என்ற எண்ணம். 2012 ஏப்ரல் 27-இல் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. வண்டிக்குள் நடக்கும் குற்றங்கள் வெளியே தெரிய வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஸ்டீரியோவைப் பொறுத்தவரை அந்தத் தடையால் பெரிய சேதமில்லை. ஏனென்றால் அதற்குள் பொருளே மாறிவிட்டிருந்தது. 2005-இல் வந்த ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளின் உயர்வகைகளில் செட் டேஷ்போர்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அந்த வடிவம் வேறெந்த வண்டியிலும் உட்காராது. 1984-இல் ஒரே அளவு திறந்துவிட்ட சந்தையை இருபது ஆண்டு கழித்துத் தனித்தனி அளவுகள் சுருக்கின.

வழிகாட்டிக் கருவியின் வரலாறு இதையே குறுகிய காலத்தில் மறுபடி காட்டுகிறது. 2000 மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ். அலையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நீக்கியதும் கார் வழிகாட்டி நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. மேப்மைஇந்தியா போன்ற நிறுவனங்களின் கருவிகள் முன்கண்ணாடியில் உறிஞ்சுப் பிடியால் ஒட்டி நின்றன. இறங்கும்போது கருவியை எடுத்துப் பையில் போட்டாலும் கண்ணாடியில் வட்டத் தடம் மிஞ்சும். அந்தத் தடமே உள்ளே கருவி இருக்கும் என்று துப்புக் கொடுத்துவிடும். அதைத் துணியால் துடைத்துவிட்டு இறங்குவதுதான் அன்றைய எளிய காப்பு. பிறகு வரைபடம் கைப்பேசிக்குள் போயிற்று, கைப்பேசி ஓட்டுநரோடு இறங்கிப் போயிற்று, தனிக் கருவிக்கு விலை இல்லாமலாயிற்று. 2007-இல் மும்பைக்கு வந்த மேரு கேப்ஸ் வண்டிகளில் ஜி.பி.எஸ். வண்டியையே கண்காணிக்கும் வேலையைச் செய்தது. ஏ.ஐ.எஸ். 140 தரப்படி இருப்பிடக் கருவி பொதுப் பயணிகள் வாகனங்களுக்கு 2019 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று, மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. காவல் காக்க வேண்டியிருந்த கருவி வண்டிக்கே காவலானது.

ஆனால் திருட்டின் தர்க்கம் மாறவில்லை, இலக்கு மட்டும் மாறியது. மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சரில் உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எடைக்கே விலைபோகின்றன. ஈ.சி.எம். எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி மறுநிரலிட்டபின் இன்னொரு வண்டியில் ஓடுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடிப் பிடிபட்டு, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தருபவருக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்குகிறது. பழைய டேப் திருடிய சிறுவனுக்கு இது முப்பது ஆண்டுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியது. ஈ.சி.எம். அந்த வரம்புக்குள் வராது. வண்டியின் பதிவுச் சான்றில் சேசிஸ் எண் இருக்கிறது, எஞ்சின் எண் இருக்கிறது. ஈ.சி.எம்.மின் எண்ணுக்கு அங்கே இன்னும் இடமில்லை. கூடுதல் கேமரா கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த ஒரு கட்டத்தை.