குதிரைக்கு ஊசி, டிக்கெட்காரருக்கு நாமம்

தர்மபுரிக்காரர் ஒருவருக்கு ரேஸ் ஆசை வந்தால் கிண்டியைவிடப் பெங்களூருதான் பக்கம். சேலத்திலிருந்து வரும் ரயில் தர்மபுரி, ஓசூர் வழியாக அங்கேதான் போகிறது. அந்தத் தடத்தில் ஓசூரை ஒட்டி இருக்கிறது மத்திகிரி. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம் என்றாலும், 1965 முதல் 2004 வரை அது தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஊர். கம்பெனிப் படைக்குக் குதிரை தயார் செய்ய 1824இல் அங்கே ஒரு பண்ணை அமைத்தார்கள். சரியாக நூறாண்டு கழித்து அது கால்நடைப் பண்ணையானது.

படைக் குதிரை ஆளைச் சுமந்தால் போதும், அதன்மேல் யாரும் பணம் கட்டுவதில்லை. பணம் கட்டும் குதிரையின் கதை வேறு.

கள்ள மருந்தின் ஆரம்பகால வேலை, குதிரையை ஜெயிக்க வைப்பதல்ல, தோற்க வைப்பது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் 1811இல் டேனியல் டாசன் என்ற ஆள், பந்தயக் குதிரைகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் பாஷாணம் கலந்தான். குதிரைகள் செத்தன. அவை தோற்கும் என்று பணம் கட்டியவர்களுக்காகச் செய்த வேலை அது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

ஜெயிக்க வைக்கும் மருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பயிற்சியாளர்களோடு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. கொக்கைன் கொடுத்தால் சோம்பேறிக் குதிரையும் காற்றாய்ப் பறக்கும். அன்றைய விதியில் அது குற்றமே இல்லை. ஜார்ஜ் லாம்டன் என்ற பயிற்சியாளர் இதைப் பற்றிப் புலம்பிப் பார்த்தார். பந்தயத்தை நிர்வகித்த ஜாக்கி கிளப் அசையவில்லை. கடைசியில், முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, தன் லாயத்தில் ஒன்றுக்கும் உதவாதவை என்று ஒதுக்கிய குதிரைகளுக்கே மருந்து கொடுத்து ஓடவிட்டார். அவை ஜெயிக்கத் தொடங்கின! 1903இல் ஊக்கமருந்து குற்றமாயிற்று. விதி வந்ததே ஒழிய, பிடிக்க வழியில்லை. 1910வாக்கில் ஆஸ்திரியாவில் குதிரையின் எச்சிலைச் சோதிக்கும் முறை வந்த பிறகுதான் விதிக்குப் பல் முளைத்தது.

சென்னைக்கு வருவோம். கிண்டியில் பந்தயம் 1777இலேயே தொடங்கியது. ரேஸில் பணத்தை விட்டுக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருகின்றன என்று சொல்லி 1974இல் கருணாநிதி அரசு பந்தயத்தையும் அதில் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம். குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைவண்ணம் இவற்றை எடைபோட்டுத்தான் ஒருவர் பணம் கட்டுகிறார் என்பது அதன் வாதம்.

இந்தத் தீர்ப்பின் கனம் முழுவதும் டிக்கெட் வாங்குபவரின் மூளையில் நிற்கிறது. ரேஸ் புத்தகத்தில் பழைய ஓட்டங்களைப் புரட்டுகிறார், சுமை எத்தனை கிலோ என்று பார்க்கிறார், ஜாக்கி யாரென்று கவனிக்கிறார். லாயத்தில் போட்ட ஊசி மட்டும் எந்தப் பக்கத்திலும் அச்சாவதில்லை. அது தெரிந்த நாலு பேருக்கு ஆட்டம் திறமை, மற்றவர்களுக்குச் சூது. கிண்டியாகட்டும் பெங்களூராகட்டும், தோற்றுவிட்டு வெளியே வரும் கூட்டத்தில் ‘ஊசி போட்டுட்டான்’, ‘ஜாக்கி இழுத்துப் பிடிச்சுட்டான்’ என்ற பேச்சு ஓயாது. பாதி ஆற்றாமைதான். ஆனால் எல்லாமே ஆற்றாமை என்று தள்ளவும் முடியாது.

2017 மார்ச் 5 அன்று பெங்களூரு மைதானத்தில் குவீன் லத்தீஃபா என்ற குதிரை ஜெயித்தது. பந்தயத்துக்குப் பின் எடுத்த மாதிரியில் புரோகைன் இருப்பதாகச் சோதனை சொன்னது. புரோகைன் மரத்துப்போக வைக்கும் மருந்து. வலி தெரியாமல் குதிரை ஓடும். அதே பொருள் புரோகைன் பென்சிலின் என்ற சாதாரண ஊசியிலும் உண்டு என்பதால், சிகிச்சையின் மிச்சமா சதியா என்ற வழக்கமான தகராறுக்கு அதில் எப்போதும் இடம் இருக்கிறது. மோசடி என்று புகார் எழுந்து, விவகாரம் போலீஸுக்கும் சிஐடிக்கும் போனது. பந்தய கிளப்பின் விசாரணை அறைக்குள்ளேயே முடிந்துவிடும் சங்கதி, பணம் கட்டியவர் ஏமாற்றப்பட்டாரா என்ற கேள்வியோடு தெருவுக்கு வந்தது அபூர்வம்.

விதி எழுதியவர்கள் அந்தக் கேள்விக்கு என்றோ பதில் எழுதிவிட்டார்கள். ஓட்டம் முடிந்து ஜாக்கிகளை எடை பார்த்து, முடிவு சரி என்று அறிவித்தவுடன் கவுண்டர் திறந்து பட்டுவாடா நடக்கும். மாதிரியின் முடிவு வர நாட்கள் ஆகும். அப்புறம் குதிரை தகுதி இழந்தால் பரிசுப் பணமும் கோப்பையும் இரண்டாவதாக வந்த குதிரையின் உரிமையாளருக்குப் போய்ச் சேரும். பயிற்சியாளருக்கு அபராதமோ தடையோ விழலாம். அந்த இரண்டாவது குதிரை ஜெயிக்கும் என்று சரியாகக் கணித்து டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு பைசா தேறாது. மருந்தேறிய குதிரைமேல் கட்டியவர் வாங்கிக்கொண்டு போன பணத்தை யாரும் திருப்பிக் கேட்பதுமில்லை.