வலையமைப்புப் பரிபாலகர் என்பவர் யார்?

நம்மவருட் பலர் “கொம்பியூட்டர் படித்தவர்” என்னும் ஒரே சொல்லுக்குள் பல தொழில்களை அடக்கிவிடுவர். பழுதுபட்ட யந்திரத்தைத் திருத்துபவரும், புதிய செயல்நிரல் எழுதுபவரும், நூற்றுக்கணக்கான யந்திரங்களை ஒன்றோடொன்று இணைத்து அவ்விணைப்பு அறாமல் இராப்பகலாய்க் காப்பவரும் அவர்களுக்கு ஒருவரே. இம்மூவருள் இறுதியிற் சொல்லப்பட்டவரே வலையமைப்புப் பரிபாலகர். அவருடைய தொழில் எவ்வாறு தோன்றியது, அதனை முதன்முதல் ஏற்றவர்கள் அஃது இன்னதென்பதை எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நமது சங்கத்து இளைஞருட் சிலர் இவ்வுத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றனர். குளிரூட்டிய அறையில் இருந்து பார்க்கும் வேலை எனப் பெற்றோரும் மகிழ்கின்றனர். அறை குளிரூட்டியதே, ஆனால் அக்குளிர் யந்திரத்துக்காக வைத்தது, மனிதருக்காக அன்று.

இன்றைய இணையத்தின் மூதாதை ‘ஆர்ப்பாநெற்’ என்னும் அமெரிக்க வலையமைப்பு. 1969 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாச் சர்வகலாசாலையிலிருந்து மென்லோ பார்க் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு அதன் முதற் செய்தி அனுப்பப்பட்டது. அனுப்ப முயன்றது ‘லொகின்’ என்னும் ஒரு சொல்லையே. அதன் முதலிரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்தன. பின்னர் மறுகரையிலிருந்த யந்திரம் செயலிழந்து விழுந்துவிட்டது. வலையமைப்புப் பிறந்த நாழிகையிலேயே அதன் முதற் பழுதும் பிறந்தது எனலாம்.

ஒவ்வோர் இடத்துக் கொம்பியூட்டரையும் வலையோடு இணைக்கும் வாயிற்காவலனாக ‘இம்ப்’ என்றொரு சிறு யந்திரம் இருந்தது. இவற்றை ஆக்கிய கம்பனி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தை அமைத்தது. எல்லா இம்ப்களும் தத்தம் நிலைமையைக் குறித்த கால இடைவெளியில் அந்நிலையத்துக்கு அறிவித்தன. நாட்டின் மறுகோடியிலுள்ள தொலைபேசிக் கம்பியிற் பழுதென்று இங்கிருந்தோர் தொலைபேசிக் கம்பனிக்கே அறிவித்தபோது, அக்கம்பனியார் திகைத்துப்போயினராம். தங்கள் கம்பியின் நோயைத் தங்களுக்கு முன் பிறர் எவ்வாறு அறிந்தனர் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை.

வயற் பகுதிகளில் நீர்முறை பார்த்த வட்டவிதானையாரைப் பெரியோர் அறிவர். குளமும் அவருக்கு உரியதன்று; வயல்களெல்லாம் அவருக்கு உரியனவுமல்ல. எந்த வாய்க்காலில் எப்பொழுது தண்ணீர் ஓட வேண்டும், எங்கே வரம்பு உடைந்தது என்னும் பொறுப்பே அவருடையது. பயிர் விளைந்தால் அவரை ஒருவரும் நினையார். தண்ணீர் வாராவிட்டால் ஊர் முழுவதும் அவர் படலையில் நிற்கும். பரிபாலகர் தொழிலின் உண்மைத் தன்மை இதுவே என்பது எமது கருத்து. யந்திர அறிவு அதற்கு வேண்டியதுதான். ஆயின் பலருக்குப் பொதுவான ஒன்றின் பொறுப்பை ஏற்றலே அதன் உயிர்.

பெயர் வைக்கும் வேலையும் இப்பொறுப்பில் அடங்கும். எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையார் 1972 இல் மென்லோ பார்க்கிலிருந்த தகவல் நிலையத்தில் இப்பணியிற் சேர்ந்தார். வலையிற் புதிதாய்ச் சேரும் ஒவ்வொரு கொம்பியூட்டரின் பெயரும் அந்நிலையத்தின் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு எல்லோருக்கும் வழங்கப்பட்டது. ஊரில் இரண்டு கந்தசாமிகள் இருந்தால் தபாற்காரர் தந்தை பெயரைக் கேட்பார். யந்திரத்துக்குத் தந்தை ஏது? ஆகையால் இரண்டு யந்திரங்களுக்கு ஒரே பெயர் வாராமற் பார்ப்பது அவர்கள் கடமையாயிற்று. வலை பெருகவே ஒரு பட்டியல் போதாமற் போயிற்று. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த முறை பெயர்களுக்கும் குடும்பம், கிளை என்னும் ஒழுங்கைத் தந்தது. அம்முறையிலேதான் 1990 இல் நம் நாட்டுக்கு ‘எல்.கே.’ என்னும் ஈறு கிடைத்தது. 2010 இல் ‘இலங்கை’ எனத் தமிழெழுத்திலேயே ஓர் ஈறும் கிடைத்தது.

நிற்க. இத்தொழிலின் கடினத்தை உணர்த்த 1980 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆந் திகதி நிகழ்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அன்று ஆர்ப்பாநெற் முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. வெடிப்பில்லை, மின்வெட்டில்லை, பகைவருமில்லை. ஒவ்வோர் இம்ப்பும் தன் கம்பிகளின் நிலைமையைக் கூறும் செய்தியை மற்றவற்றுக்கு அனுப்பும். எது புதிய செய்தி, எது பழையது என்று அறிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டிருந்தது. இலக்கங்கள் 0 முதல் 63 வரை சென்று மீண்டும் 0 இலிருந்து தொடங்கும். கடிகார முகத்திற் போல இவ்வட்டத்தில் எது முந்தியது, எது பிந்தியது என்று தீர்மானிக்க ஒரு விதி செய்திருந்தனர்: அரைவட்டத்துக்கு மேற்படாமல் முன்னே நிற்பது எதுவோ, அதுவே புதியது.

அன்று 50 ஆம் இலக்க இம்ப்பின் செய்தி 44, 40, 8 என்னும் மூன்று இலக்கங்களோடு ஏககாலத்தில் வலையில் உலாவியது. யந்திரம் 44 என்பதை 32, 8, 4 என்பவற்றின் கூட்டாக எழுதும். பழுதுபட்ட யந்திரமொன்றின் நினைவகத்தில் 4 உதிர்ந்தபோது அது 40 ஆயிற்று. பின்னர் 32 உதிர 8 ஆயிற்று. இனி விதியைப் பாருங்கள். 40 ஐ விட 44 புதிது. 8 ஐ விட 40 புதிது. ஆனால் வட்டத்தைச் சுற்றி வந்தால் 44 ஐ விட 8 புதிது! மூன்றும் ஒன்றையொன்று முந்தின. ஒவ்வோர் இம்ப்பும் “இதுவே புதிய செய்தி” என ஏற்று அயலவற்றுக்கு அனுப்பியது. அயலவை வேறொன்றைப் புதிதென்று திருப்பி அனுப்பின. வேறு வேலைக்கு எந்த யந்திரத்துக்கும் அவகாசம் இருக்கவில்லை. ஒன்றை நிறுத்தி மீண்டும் இயக்கினாற் பயனில்லை; அயலவை அந்தச் செய்திகளை உடனே அதனுட் புகுத்திவிடும்.

இங்கே எத்தனை யந்திரங்கள் குற்றவாளிகள்? எழுத்தை உதிர்த்தது ஒன்றே. மற்றவையெல்லாம் விதியை அட்சரம் பிசகாமற் கைக்கொண்டன, கைக்கொண்டமையாலேயே கெட்டன. கட்டுப்பாட்டு நிலையத்தார் ஓர் இம்ப்பின் நினைவகத்தை எடுத்து ஆராய்ந்து, வரிசையிற் குவிந்துகிடந்த இம்மூன்று செய்திகளையும் கண்டனர். 50 ஆம் இலக்கத்திலிருந்து வரும் செய்தியைப் பொருட்படுத்த வேண்டாமென ஒவ்வொன்றுக்கும் கட்டளையிட்டு நோயைத் தீர்த்தனர். எரிக் றோசன் என்பவர் 1981 இல் நடந்தவற்றை ஒளியாது எழுதி வெளியிட்டார். தம் நிலையத்தின் வழுவைத் தாமே அச்சேற்றிய அவ்வறிக்கை, பரிபாலகராக விரும்புவோர் படிக்கவேண்டியவற்றுள் முதன்மையானது.

இனி, மனிதரால் வரும் துன்பம். கிளிபோட் ஸ்ரோல் ஒரு வானியல் அறிஞர். 1986 இல் அவருடைய ஆராய்ச்சிப் பணம் முடியவே, பேர்க்லியிலுள்ள லோறன்ஸ் ஆய்வுகூடம் அவரைக் கொம்பியூட்டர்ப் பகுதிக்கு மாற்றியது. யந்திர நேரத்தைப் பாவித்தவர்களுக்கு எழுதும் கணக்கில் 75 சதம் இடித்தது. அதனைப் பார்க்கும்படி புதியவராகிய அவரிடம் கொடுத்தனர். நம் கந்தோர்களிலாயின் ஒரு லிகிதர் தம் சட்டைப்பையிலிருந்து 75 சதத்தைப் போட்டுக் கணக்கை மூடியிருப்பார். ஸ்ரோல் மூடவில்லை. விலாசமில்லாத ஒரு பெயரில் யாரோ யந்திரத்தைப் பாவித்தமை தெரிந்தது.

அவர் அயலறைகளிலிருந்து அச்சு யந்திரங்களை இரவல் வாங்கி, வெளியிலிருந்து வரும் இணைப்புக்களிற் பூட்டி, அந்நியன் தட்டிய ஒவ்வொன்றையும் கடதாசியிற் பதித்தார். மேசையின் கீழே படுத்துறங்கினார். விண்மீன் பார்த்த நாளிற் போலவே தினக்குறிப்பு எழுதினார். பொலிசாரிடம் சென்றபோது, 75 சதத்துக்கு வழக்கா என்று அசட்டை செய்தனர். அந்நியன் இவ்யந்திரத்தைப் படியாக்கி அமெரிக்க இராணுவ யந்திரங்களைத் தட்டிப் பார்த்தான். அவற்றுட் சிலவற்றில் யந்திரம் செய்தவர்கள் தொடக்கத்தில் வைத்த கடவுச்சொல் அப்படியே இருந்தது. அவன் நெடுநேரம் தங்கி வாசிக்கும்படி பொய்யான இராணுவக் கோவைகளை ஸ்ரோல் எழுதி வைத்தார். அவ்வேளையில் அடி தேடிச் சென்றபோது, அது மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரில் முடிந்தது. திருடிய தகவல்கள் சோவியத் உளவுப் படைக்கு விற்கப்பட்டதும் வெளியாயிற்று. இக்கதையை அவர் 1989 இல் ‘குயிலின் முட்டை’ என்னும் பொருள்படும் பெயரோடு நூலாக்கினார். காகத்தின் கூட்டிற் குயில் செய்வதை அறிந்த நமக்கு அப்பெயர்க்கு உரை வேண்டியதில்லை.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. பிறனொருவன் தட்டியதையெல்லாம் வாசிக்க வல்லவர், எல்லோர் கடிதத்தையும் வாசிக்க வல்லவரே. பூட்டுகளனைத்தின் திறப்பும் பரிபாலகர் மடியிலிருக்கின்றது. தபாற் கந்தோரில் உள்ளவர் நமது கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்னும் நம்பிக்கையிலேயே முத்திரை ஒட்டுகின்றோம். இவரிடத்தும் அத்தகைய நம்பிக்கையே வைத்திருக்கின்றோம். உத்தியோகத்துக்கு ஆள் எடுப்போர் சான்றிதழைக் கேட்கின்றனர். இதனைக் கேட்பார் குறைவு.

இத்தொழிலைச் செய்தோர் தமக்கென ஒரு மாநாடு கூட்டியது 1987 இலேதான். அடுத்த ஆண்டு நவம்பர் 2 ஆந் திகதி ஒரு மாணவன் விட்ட ‘புழு’ ஏறத்தாழ 6,000 யந்திரங்களைப் பிடித்ததென மதிப்பிட்டனர். பலர் அஞ்சித் தம் இணைப்பை அறுத்தனர். மருந்தைக் கூறும் செய்தியும் அறுத்த அவ்வழியாலேயே வரவேண்டியிருந்தது. அதனாற் பலருக்கு அது பிந்தியே கிடைத்தது.

இன்று யந்திரங்கள் பெருகிவிட்டன, கதை மாறவில்லை. 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆந் திகதி பேஸ்புக் கம்பனியில் வழக்கமான பராமரிப்பு வேலைக்காக ஒரு கட்டளை இடப்பட்டது. பிழையான கட்டளைகளைத் தடுக்கவேண்டிய பரிசோதனைச் செயல்நிரலிலும் ஒரு வழு இருந்தது. கம்பனியின் நிலையங்களை இணைக்கும் பாதைகளெல்லாம் அறுந்தன. அதன் பெயர் காட்டும் யந்திரங்களும் உலகின் கண்ணிலிருந்து மறைந்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இயங்கவில்லை. தூரத்திலிருந்து திருத்தும் கருவிகளும் அதே வலையையே நம்பியிருந்தமையால், பொறியியலாளர் நிலையங்களுக்கு நேரே அனுப்பப்பட்டனர். அந்நியர் புகாதபடி அமைத்த பலத்த காவல்களையெல்லாம் கடந்து, அவர்கள் யந்திரத்தின் முன் சென்று நிற்பதற்கே நெடுநேரம் சென்றது.