பெயரற்ற கல்லறைகள்

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தைத் தொடர்ந்து இங்கிலாந்தெங்கும் பெருகிய ஒர்க்ஹவுஸ் என்னும் தரித்திரர் விடுதிகளில், உழைக்கத் திராணியற்ற முதியோரும் நோயாளரும் ஆதரவிழந்த தாய்மாரும் மரித்தபோது, உறவினர் வந்து பிரேதத்தைக் கேட்டுப் பெற்றாலன்றி, நிர்வாகமே அதனை மலிவான பெட்டியொன்றில் வைத்து, பலரை ஒரே குழியில் அடுக்கும் பொதுக் கல்லறையில், பெயர் பொறித்த கல்லேதுமின்றிப் புதைப்பது வழக்கமாயிருந்தது. அதனினும் கொடியது, உரிமை கோருவாரில்லாத சடலங்களை வைத்தியப் பள்ளிகளுக்கு அளிக்க இடங்கொடுத்த 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம். வறுமையைக் குற்றமாகவே பாவித்த காலம் அது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆகையால், தம் வம்சத்தவரைத் தேடுவோர் கல்லை விட்டுக் காகிதத்தையே நாட வேண்டியிருக்கிறது. 1837 முதல் சர்க்கார் பதிந்துவந்த மரணச் சான்றில், இறந்த இடமாக விடுதியின் பெயர் நிற்கும். பிற்காலத்திலோ, குடும்பத்தாருக்கு அவமானம் நேராதிருக்க, வெறும் தெரு விலாசமே எழுதப்பட்டதும் உண்டு. விடுதியின் சேர்க்கைப் பதிவேட்டில், வெளியேறிய விதத்தைக் குறிக்கும் பத்தியில், பிறர் தம் விருப்பப்படி சென்றார் என்னும் வரிகளுக்கிடையே, இறந்தார் என்ற ஒற்றைச் சொல் அகப்படும். அத்தேதிக்குப் பிந்திய சில நாட்களின் ஆலய அடக்கப் பதிவேட்டைப் புரட்டினால், வசிப்பிடப் பத்தியில் விடுதியே மீண்டும் காணக்கிடைக்கலாம். லண்டனில் இது போதாது. 1850களில் நகரின் நெரிசல் மிக்க ஆலய மயானங்கள் மூடப்பட்டபின், ஏழைகளின் பிரேதங்கள் பல, 1854இல் திறந்த புரூக்வுட் மயானத்துக்கு வாட்டர்லூவிலிருந்து ரயிலேறிப் போயின.