களஞ்சியத் திறவுகோல்: புஷிமி இனாரி ஆலயம்

யப்பானின் கியோத்தோ நகருக்குத் தென்பால், இனாரி மலையடிவாரத்தை அடைவோரின் கண்ணில் முதலிற் படுவன செந்நிறத் தோரணவாயில்களே. மலைப்பாதை நெடுகிலும் அவை ஏறத்தாழ 10,000 உள. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அதனை அளித்தவரின் பெயரும் நாளும் எழுதப்பட்டுள்ளன. அவற்றுட் பல வணிக நிறுவனங்களின் பெயர்கள். எனவே இதனை வணிகர் தெய்வத்தின் உறைவிடமெனக் காண்போர் கருதுதல் இயல்பே. ஆயின் இதன் வரலாறு நெல்லிலிருந்து தொடங்குகின்றது.

ஆலய மரபு கி.பி. 711ஆம் ஆண்டைத் தோற்ற ஆண்டாகக் கொள்ளும். யமஷிரோ நாட்டின் பழைய நிலவரலாற்றேட்டில் எஞ்சிய பகுதியொன்று ஒரு கதையைக் கூறுகின்றது. ஹத்தா குலத்து இரோகு என்பான் நெல்வளத்தாற் செருக்குற்று, 'மோச்சி' எனும் இடித்த அரிசிப் பண்டத்தை இலக்காக வைத்து அம்பெய்தான். அது வெண்பறவையாகிப் பறந்து மலைமுகட்டில் அமர, அங்கே நெல் விளைந்தது. நெல் விளைந்தமையைக் குறிக்கும் சொல்லே இனாரி எனத் திரிந்ததாம். சொற்பிறப்பு எவ்வாறாயினும், உணவை விளையாட்டுப் பொருளாக்குதல் பற்றிய அச்சம் இக்கதையிற் புலனாகின்றது. ஹத்தா குலத்தார் கொரியத் தீபகற்பத்தின் வழியே வந்து குடியேறியோர்; நெசவிலும் நீர்ப்பாசனத்திலும் வல்லவர். வந்தேறிய குலமொன்று போற்றிய தெய்வமே பின்னர் நாடெங்கும் பரவிற்று என்பது மனங்கொளத்தக்கது.

ஒனின் போரின்போது 1468இல் ஆலயம் எரிந்தது. இன்றுள்ள மூலமண்டபம் 1499இல் எழுந்தது. முன்வாயிற் பெருங்கட்டடம் 1589இல் ஹிதேயோஷியின் கொடையால் அமைந்தது.

நெல்லின் தெய்வம் வணிகரிடம் சென்றமையை வழிபாட்டின் திரிபு என்பாருளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எடோ காலத்தில் (1603–1868) நிலத்தின் மதிப்பே 'கொகு' எனும் அளவையால், அதாவது ஒருவருக்கு ஓராண்டுக்குப் போதுமெனக் கருதப்பட்ட ஏறத்தாழ 180 லீற்றர் அரிசியால், கணிக்கப்பட்டது. வரியும் அரிசி, சாமுராய்களின் ஊதியமும் பெரும்பாலும் அரிசி. அதனைப் பணமாக மாற்றித் தந்தவன் வணிகன். ஓசக்காவின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசின் அங்கீகாரமும் கிட்டிற்று. அரிசியே செல்வமாக இருந்தவிடத்து, அரிசியின் தெய்வம் செல்வத்தின் தெய்வமாவதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. தோரணவாயில்களை நேர்ந்தளிக்கும் வழக்கம் பெருகியதும் அக்காலத்திலேயே. தெய்வத்தின் தூதராக நிற்கும் நரிச்சிலைகளுள் ஒன்று நெற்கதிரையும் வேறொன்று திறவுகோலையும் கௌவியுள்ளன. அது களஞ்சியத்தின் திறவுகோல் என்பர். கடைக்காரரும் அதனைத் தமதாகவே கொண்டிருப்பர்!

ஆலயத்துக்கெனச் சிறு வயலொன்றும் உண்டு. ஏப்ரலில் விதைத்து, யூன் 10இல் நாற்று நட்டு, ஒற்றோபர் 25இல் அறுக்கின்றனர். வைக்கோல் நவம்பர் 8இல் வேள்வித்தீயில் இடப்படும். புத்தரிசி அம்மாதம் 23இல் தெய்வத்துக்குப் படைக்கப்படும்.