அடங்கிய நோயும் அகன்ற நோயும்: சிறுநீரக வியாதி திரும்புதலைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு வியாதி தேகத்தை விட்டு அகன்றுவிட்டது என்பதற்கும், அது வெளியே தெரியாமல் உள்ளே அடங்கிக் கிடக்கிறது என்பதற்கும் உள்ள பேதத்தை வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் அறியவில்லை. முகத்தின் வீக்கம் வற்றி, பசி எடுத்து, நோயாளி எழுந்து தன் தொழிலுக்குப் போய்விட்டால் அது குணம். ஆண்டுகள் பல கழிந்து அதே வீக்கம் மறுபடி கண்டால் அது அவனுடைய பத்தியக் கேடு அல்லது தலைவிதி. சிறுநீரக வியாதியைப் பொறுத்தவரையில் இந்தப் பேதம் துலங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

1827-ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் வைத்தியரான ரிச்சர்ட் பிரைட், உடலெங்கும் நீர் கோத்து இறந்தவர்களின் சிறுநீரகங்கள் கெட்டுக் கிடந்ததையும், அவர்கள் உயிரோடிருந்தபோது அவர்களுடைய சிறுநீரைக் காய்ச்சினால் அது முட்டையின் வெண்கருவைப் போல உறைந்ததையும் சேர்த்து நோக்கி, இவ்விரண்டும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று நிறுவினார். சிறுநீர் அவ்வாறு உறையக்கூடும் என்பதை நேப்பிள்ஸ் நகரத்து டொமெனிக்கோ கொட்டுனோ 1764-லேயே எழுதியிருந்தாராயினும், அந்த உறைவைச் சிறுநீரகத்தோடு முடிச்சுப் போட்டவர் பிரைட்தான். அதற்கு அவர் கையாண்ட கருவிகளோ ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியுமே. 1836-ல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையில், காலையில் கண் விழிக்கும்போது முகம் அதைத்திருக்கக் காணும் ஒருவன், சிகிச்சையால் தேறி, வேலைக்குத் திரும்பி, மீண்டும் வீங்கி, மீண்டும் தேறி, இப்படியே படிப்படியாக இறங்கிப் போகும் சரித்திரத்தை ஒரு கதையாசிரியனின் நிதானத்தோடு அவர் வர்ணித்திருக்கிறார். நோய் திரும்புவதை அவர் கண்டார். இடைப்பட்ட காலத்தில் அது எங்கே இருந்தது என்பதை அறியும் வழிதான் அவருக்கு இல்லை.

அந்த இடைக்காலத்தை எண்ணிக்கையால் அளக்க முற்பட்டவர் எடின்பரோவில் பிறந்து, கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் பணியாற்றிய தாமஸ் ஆடிஸ். பன்னிரண்டு மணி நேரத்துச் சிறுநீரைச் சேகரித்து, அதன் வண்டலிலுள்ள இரத்த அணுக்களையும் பிற துணுக்குகளையும் நுண்பெருக்காடியின் கீழ் எண்ணிப் பார்த்த அவர், தன்னை முழுச் சௌக்கியவான் என்று நம்பிக்கொண்டிருக்கும் நோயாளியின் சிறுநீரிலும் அவை ஓயாமல் வெளியேறிக்கொண்டிருப்பதைக் கண்டு, அந்நிலைக்கு மறைநிலை என்று பொருள்படும் பெயரை இட்டார். ஆடிஸின் கணக்குப்படி, இத்தகையோரிடம் நோய் திரும்பி வருவதில்லை. போயிருந்தால் அன்றோ திரும்பி வருவதற்கு! 1941-ல் சிறுநீரக அழற்சி கண்ட ரசாயன மேதை லைனஸ் பாலிங், ஆடிஸ் விதித்த குறைந்த புரதமும் உப்பின்மையுமான பத்தியத்தை ஆண்டுக்கணக்கில் அநுஷ்டித்து, 1994 வரை, அதாவது 93 வயது வரை வாழ்ந்தார். பத்தியம் காத்ததா, நோயே தணிந்ததா என்பதை ஒரே ஒருவரை வைத்துத் தீர்மானிப்பது நியாயமாகாது.

ஆனால் பிரைட்டின் பெயரால் வழங்கிய அந்தப் பெருமூட்டைக்குள் வேறொரு நோயும் கிடந்தது. பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றி, சிறுநீரில் ஏராளமான புரதத்தைப் போக்கி, உடலை ஊதவைக்கும் அந்த நோயை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர்கள் ‘நெஃப்ரோசிஸ்’ என்று தனியே பிரித்தார்கள். அதன் விசித்திரம், அது சில வேளை சுவடே இல்லாமல் மறைந்துவிடுவது. தட்டம்மை கண்ட குழந்தைகள் சிலருக்கு, அம்மை இறங்குவதோடு வீக்கமும் வற்றிப்போனதை வைத்தியர்கள் கண்டு வியந்தார்கள். அம்மையை வேண்டுமென்றே ஊட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 1950-ஐ ஒட்டி ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனும் கார்ட்டிசோனும் வந்தபோது, இந்த விந்தை சில வாரங்களில் வரவழைக்கக்கூடிய சாதாரண நிகழ்ச்சியாயிற்று. 1957-ல் மின்னணு நுண்பெருக்காடி வழியாக நோக்கிய மினசோட்டா ஆராய்ச்சியாளர்கள், நோயின்போது தட்டையாகி ஒன்றோடொன்று படிந்துவிடும் வடிகட்டி உயிரணுக்களின் பாதங்கள், நோய் தணிந்ததும் பழைய வடிவத்துக்கே மீளுவதைக் காட்டினார்கள். ஆடிஸ் கண்டது தூக்கம் என்றால், இது மெய்யான நீக்கம்.

மெய்யாக நீங்கிய இந்த நோய்தான் அடிக்கடி திரும்பிற்று! 1967-ல் தொடங்கிய சர்வதேசக் கூட்டாய்வு, மூன்று நாள் தொடர்ந்து சிறுநீரில் புரதம் இல்லாதிருப்பது தணிவு என்றும், மூன்று நாள் தொடர்ந்து இருப்பது திரும்புதல் என்றும் வகுத்தது. முதல் மறுமொழிக்குப் பின் ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை அல்லது ஓராண்டில் நான்கு முறை கண்டால் அதை அடிக்கடி திரும்பும் வகை என்றது. மிகச் சாதாரணமான ஒரு ஜலதோஷம் போதும், வீக்கம் மீண்டும் தலைகாட்டுவதற்கு. குழந்தைப் பருவத்தோடு தீர்ந்தது என்று எண்ணப்பட்டது, இருபதாம் வயதிலோ அதற்குப் பிறகோ மறுபடி கண்டதும் உண்டு.

அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கான விடையின் முதற்கீற்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1954 டிசம்பர் 23-ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே, ரிச்சர்ட் ஹெரிக் என்பவருக்கு அவருடைய இரட்டைச் சகோதரரின் சிறுநீரகத்தைப் பொருத்தினார். உருவத்தில் மட்டுமன்றி உயிரணுவிலும் ஒத்த இரட்டையராதலால், அயல் உறுப்பு என்று உடல் அதை விலக்கவில்லை. ஆயினும் ஹெரிக்கின் பழைய நோய் புதிய சிறுநீரகத்தையும் பற்றிற்று, எட்டாண்டுகள் வாழ்ந்து 1963-ல் அவர் காலமானார். அவருடையது நெஃப்ரோசிஸ் அன்று, அழற்சியே. எனினும், உறுப்பையே மாற்றியும் நோய் தொடருமானால் அதன் பிறப்பிடம் உறுப்புக்கு வெளியே இருக்கக்கூடும் என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவாயிற்று. 1974-ல் ஷல்ஹூப் என்பவர், நெஃப்ரோசிஸின் வேர் இரத்தத்தின் வெள்ளணுக்களில் இருக்கலாம் என்ற ஊகத்தை முன்வைத்தார். அம்மையால் நோய் தணிவதும் அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் ஒன்று.

அந்த ஊகம் ஒரு குறிப்பான பொருளைத் தொட அரை நூற்றாண்டு ஆயிற்று. வடிகட்டியின் இடைவெளிகளைக் காக்கும் நெஃப்ரின் என்ற புரதம் 1998-ல் அடையாளம் காணப்பட்டது. அதையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் நோயாளர் சிலரின் இரத்தத்தில் இருப்பதை 2022-ல் பாஸ்டன் குழுவினர் அறிவித்தார்கள். 2024-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் குழந்தை நோயாளர்களில் 52 விழுக்காட்டினரிடமும், இவ்வகை நோயுற்ற பெரியவர்களில் 44 விழுக்காட்டினரிடமும் அவை காணப்பட்டன. நோய் தணியும்போது அவற்றின் அளவு குறைந்தது, திரும்பும்போது மீண்டும் ஏறிற்று. ஆகவே சிறுநீரகத்தில் சுவடற்று மறைந்த நோயின் நினைவை, உடலின் காவற்படை வேறெங்கோ வைத்திருந்தது என்று கொள்ளுவதே பொருந்தும். ஆடிஸ் கண்டது சிறுநீரகத்தினுள்ளேயே கிடந்த மறைவு, இது சிறுநீரகத்துக்கு வெளியே நிகழும் மறைவு. முன்னதைச் சிறுநீரின் வண்டல் காட்டிக்கொடுக்கும்; பின்னதை, இரத்தத்தைச் சோதிக்கும் இந்தப் புதிய முறை வரும்வரையில், வீக்கத்துக்குச் சில நாள் முன்னே சிறுநீரில் தோன்றும் புரதமன்றி வேறெதுவும் முன்கூட்டி அறிவித்ததில்லை.

அந்தச் சோதனை இன்னும் பெரும் ஆய்வுக்கூடங்களைத் தாண்டி வரவில்லை. நம் நாட்டுக் குழந்தை வைத்தியர்கள், தணிவிலிருக்கும் குழந்தையின் தாயை, சிறுநீரின் நிலையை ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதியிட்டு எழுதப் பழக்குகிறார்கள். புரதம் கண்டால் நிறம் மாறும் பட்டை கிடைக்காத வீட்டில், காலைச் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி அடுப்பனலில் காட்டி, அது கலங்குகிறதா, உறைகிறதா, தெளிவாகவே இருக்கிறதா என்று அவள் பார்த்து எழுதுகிறாள்.