பனியன் கம்பெனியும் ஆங்கில மரபுத்தொடர்களும்

ஆங்கிலம் கற்பவர்களை அதிகம் திணறடிப்பவை மரபுத்தொடர்களே. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் கிடைக்கும்; சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. மாஸ்கோ மாணவருக்கும் திருப்பூர் மாணவருக்கும் இந்தத் தொல்லை பொதுவானது. ஆனால் திருப்பூர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. இத்தகைய தொடர்களிலும் சொற்களிலும் சில, இங்கிலாந்தின் துணித் தொழிலாளர்களின் வேலையிலிருந்து பிறந்தவை. அந்த வேலையைத் திருப்பூர் மக்கள் தினமும் பார்க்கிறார்கள்.

'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்றால் என்ன நடக்குமோ என்ற பதைப்போடு காத்திருப்பது. தேர்வு முடிவு வரும் நாளில் மாணவர்களின் நிலை அதுதான். ரஷ்யர்கள் 'ஊசிகளின் மேல் உட்கார்ந்திருப்பது போல' என்பார்கள். தமிழில் 'முள்மேல் இருப்பது போல'. இங்கே டென்டர் என்பது ஒப்பந்தப்புள்ளி அல்ல. அலசிய கம்பளித் துணி சுருங்காமலிருக்க, அதை இழுத்து மாட்டிக் காயவைத்த மரச்சட்டத்துக்கு அந்தப் பெயர். அதிலிருந்த கொக்கிகளே டென்டர்ஹூக்ஸ். இழுபட்டு நிற்கும் துணியைப் போல மனமும் நிற்கிறது என்பது கருத்து. 18ஆம் நூற்றாண்டிலேயே இத்தொடர் வழக்கில் இருந்தது. இன்று திருப்பூரில் துணியின் இரு ஓரங்களையும் ஊசிகளில் மாட்டி, வெப்பக் காற்றில் செலுத்தி, அகலத்தைச் சரிசெய்யும் 'ஸ்டென்டர்' இயந்திரம் அந்தச் சட்டத்தின் வாரிசு. 

அடுத்தது 'டைடு இன் த ஊல்'. கம்பளியை நூலாக்கும் முன்பே சாயத்தில் முக்கினால் நிறம் இழைக்குள் ஏறி நிலைத்து நிற்கும். அதனால் தன் கொள்கையில் ஊறிப்போனவரை இத்தொடர் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியலில் தீவிரக் கட்சிக்காரர்களுக்கு இது அடைமொழியானது. தமிழோ, வேஷம் கலைந்தவனைப் பார்த்து 'சாயம் வெளுத்துப் போச்சு' என்கிறது. ஒன்று நிலைக்கும் சாயத்தில் பிறந்தது, மற்றொன்று போகும் சாயத்தில்!

மட்டமான எதையும் ஆங்கிலத்தில் 'ஷாடி' என்பார்கள். 1813இல் யார்க்‌ஷயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளிக் கந்தலைப் பிரித்து மீண்டும் நூலாக்கினார். அந்தத் துணியின் பெயர்தான் ஷாடி. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், இத்தகைய துணியில் தைத்த சீருடைகள் சீக்கிரமே நைந்துபோயின. சொல் வசையாக மாறியது. இன்று திருப்பூரின் கட்டிங் வேஸ்ட்டும் மீண்டும் நூலாகிறது. அது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பாராட்டப்படுகிறது. தொழிலுக்கு மதிப்பு வந்த பிறகும் சொல்லின் கெட்ட பெயர் போகவில்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் 'லுடைட்' என்ற சொல்லுக்கு நேர்ந்தது. புதிய தொழில்நுட்பத்துக்கு அஞ்சுபவரை இன்று அப்படிக் கேலி செய்கிறார்கள். உண்மையில் 1811இல் நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் சட்டங்களை உடைத்தவர்கள், அதே சட்டங்களில் வேலை செய்தே பிழைத்தவர்கள். வில்லியம் லீ 1589இல் கண்டுபிடித்த அந்தச் சட்டமே பனியன் துணி பின்னும் இயந்திரங்களுக்கு முன்னோடி. அவர்களுடைய கோபம் குறைந்த கூலியின் மீதும், மட்டமான சரக்கைச் செய்யவைத்த முதலாளிகளின் மீதும்தான். 1812இல் சட்டத்தை உடைத்தால் மரண தண்டனை என்று அரசு அறிவித்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியும் பயனில்லை.

1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை யாரும் இயந்திரத்துக்குப் பயந்தவர்கள் என்று சொல்ல முடியாது. நாட்டிங்ஹாம் தொழிலாளர்களின் கேள்வியும் கூலியைப் பற்றியதே. அகராதி கேலியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை விட்டுவிட்டது.

ஆகவே மரபுத்தொடரை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அது யாருடைய வேலையில் பிறந்தது என்று கேட்டால் பொருளும் புரியும், வரலாறும் தெரியும்.